காய்ந்த தரைக்குள் எத்தனை குடம் தண்ணீர்?

போன பொங்கலுக்குப் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கீழ்த்தளத்துப் படுக்கையறையில் நடந்தபோது உள்ளங்காலில் வரிவரியாக ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் தூக்கி, நடுவில் லேசாகக் குழிந்து, மல்லாக்கப் போட்ட நாட்டு ஓடு மாதிரி இருந்தது. செங்கோட்டையில் அறுத்து வாங்கிய தேக்கு. ஆசாரி இழைத்து, காடி வெட்டிக் கோத்து, பசை போட்டு ஒட்டியது. வைகாசியில் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்த தரை அது.

அத்தான் ஆசாரியைக் கூப்பிட்டார். ஆசாரி ஒரு பலகையை நெம்பி, அடிப்பக்கத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "பலகைல கோளாறு இல்ல அண்ணாச்சி. தரைல ஓதம்" என்றார். கொத்தனாரைக் கேட்டால், "மாசில போட்ட தளம். நீங்க பலகை ஒட்டும்போது காஞ்சு கருவாடாக் கிடந்துச்சே" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்த விஷயத்தில் உள்ள வேடிக்கை. மேலே கருவாடாகக் காய்ந்து கிடக்கிற அதே தளத்துக்குள், ஒரு தேக்குத் தரையைக் கெடுக்கிற அளவுக்குத் தண்ணீர் இருக்க முடியும்.

குழப்பம் தொடங்குவது '28 நாள்' என்ற கணக்கில். கான்கிரீட் போட்டு 28 நாள் ஆகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம் ஊரில் பலரும் நினைக்கிறோம். அந்த 28 நாள் வலிமைக்கான கணக்கு. கனசதுரமாக வார்த்த கட்டியை அன்றைக்கு நசுக்கிப் பார்த்து, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அளப்பார்கள். காய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் இரண்டும் எதிரெதிர் வேலைகள். வலிமை ஏறுவதற்குத் தளம் ஈரமாக இருக்க வேண்டும். அதனால்தான் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம், சாக்கைப் போட்டு நனைக்கிறோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் நனைக்கச் சொல்கிறது. சாம்பல் கலந்த சிமெண்ட் என்றாலோ, வெயில் கடுமையான இடம் என்றாலோ 10 நாள். இப்போது கடையில் கிடைக்கும் மூட்டைகளில் பாதிக்குமேல் சாம்பல் கலந்தவைதான். வெயிலைப் பற்றித் திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, தளம் காயத் தொடங்குவதே தண்ணீர் விடுவதை நிறுத்திய பிறகுதான். அதிலும் மேலே கூரை மூடி, சன்னல் மாட்டி, மழைச்சாரல் உள்ளே வராது என்று ஆன பிறகுதான் உண்மையான கணக்கு தொடங்குகிறது.

எவ்வளவு தண்ணீர் காய வேண்டும்? ஒரு அறையை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி, நாலு அங்குலத் தளம். நாற்பது கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை என்றால் ஏறக்குறைய 9 மூட்டை சிமெண்ட், அதாவது 450 கிலோ. கொத்தனார்கள் கலவை இளக்கமாக இருந்தால்தான் இழுத்துவிடச் சுலபம் என்று மூட்டைக்கு 28, 30 லிட்டர் வரை ஊற்றிவிடுவார்கள். மொத்தம் 250 லிட்டருக்குமேல். சிமெண்ட் முழுக்க இறுகினாலும் தன்னோடு வேதியியல் முறையில் கட்டிப்போட்டுக்கொள்வது தன் எடையில் கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரைத்தான். இங்கே நூற்றுச் சொச்சம் லிட்டர். மிச்சம் 150 லிட்டர். நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் பத்துப் பன்னிரண்டு குடம். இதில் ஒரு பகுதி சிமெண்டின் நுண்துளைகளிலேயே என்றைக்கும் தங்கிவிடும், அதனால் தொல்லை இல்லை. மீதி, தளத்தின் மேல்முகம் வழியாக ஆவியாக வெளியேறியாக வேண்டும். அதற்கு முன்பே பலகையை ஒட்டினால் பலகை வழியாக வெளியேறும்.

இந்த வெளியேற்றம் மெதுவானது. கட்டட வேலையில் உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு கைக்கணக்கு, அங்குலத்துக்கு ஒரு மாதம். நாலு அங்குலத் தளத்துக்கு நாலு மாதம், அதுவும் எல்லாம் ஒழுங்காக இருந்தால். தடிமன் கூடக்கூட அந்தக் கணக்கும் உதைக்கும்; ஆறு அங்குலத்துக்கு ஆறு மாதம் போதாது. இரும்புக் கரண்டியால் சிமெண்ட் பால் விட்டு மழமழவென்று தேய்த்த தரை இன்னும் தாமதம், ஏனென்றால் தண்ணீர் வெளியேறும் வாயைத் தேய்த்தே அடைத்துவிட்டோம். நடுவில் ஒரு மழை தளத்தில் நின்றால், பல வாரம் காய்ந்ததை ஓரிரு நாளில் திரும்பக் குடித்துவிடும்.

திருநெல்வேலியில் இதோடு இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. ஆனி, ஆடியில் மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக இறங்குகிற மேல்காற்று. அதே பருவக்காற்று குற்றாலத்தில் சாரலாக விழுந்துவிட்டு, மலைக்கு இந்தப்பக்கம் வறண்ட காற்றாக வீசுகிறது. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் சுற்றுவது அதில்தான். நனைத்துப் போட்ட வேட்டி அரைமணியில் காய்ந்துவிடும். தளத்தின் மேல்தோலும் அப்படித்தான், வெளுத்து, தட்டினால் ணங்கென்று கேட்கும். ஆனால் மேல்தோல் மிக வேகமாகக் காயும்போது அடியிலிருந்து தண்ணீர் ஏறிவரும் பாதை அறுந்துபோகிறது. பிறகு ஆவியாகத்தான் ஊர்ந்து வர வேண்டும், அதற்கு நாளாகும். பார்வைக்கு ஆடியில் காய்ந்த தளம், உள்ளே மாசியிலேயே இருக்கும்.

அந்தத் தளத்தைப் பலகையால் மூடியதும் என்ன நடக்கிறது? மேலே காய்வது நின்றுபோகிறது. உள்ளே இருந்த ஏற்றத்தாழ்வு மெல்லச் சமனாகிறது. அடியில் இருந்த ஈரம் மேலே ஏறி, தளம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து நிற்கிறது. பசையும் பலகையும் பார்க்கப்போவது அந்தச் சமன் அளவைத்தான், ஒட்டிய அன்று மேலே இருந்த அளவை அல்ல. ஆகவே ஈரம் பார்ப்பது என்றால், இன்றைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பதல்ல. மூடிய பிறகு என்ன ஆகும் என்பதை மூடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது.

இது வரைக்கும் கலவைத் தண்ணீரின் கதை. அது என்றைக்காவது தீரும். தீராத தண்ணீர் ஒன்று இருக்கிறது, அது தரைக்கு அடியில் இருப்பது.

பாளையங்கோட்டையைச் சுற்றியும் திருநெல்வேலி டவுனைச் சுற்றியும் முப்பது நாற்பது வருஷமாக மனை போட்ட இடங்களில் பல, அதற்கு முன் நஞ்சை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் பழவூரிலிருந்து பாளையங்கால்வாய் வருகிறது, சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய், அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய். இவை இன்றும் ஓடுகின்றன. நம் வீட்டு மனைக்குப் பட்டா மாறிவிட்டது என்பது கால்வாய்க்குத் தெரியாது. கார் சாகுபடிக்கும் அடுத்த நெல் போகமான பிசானத்துக்கும் தண்ணீர் திறந்ததும், பக்கத்து வயல் நிறைந்ததும், நம் அடிமண்ணிலும் ஊற்று ஏறுகிறது. பங்குனி சித்திரையில் கால்வாய் வறண்டு கிடக்கும்போது ஊற்று இறங்கிவிடுகிறது. அத்தான் வீடு இருப்பது பாளையங்கால்வாய் பாய்ந்த ஒரு பழைய வயலில்தான். பலகை ஒட்டியது வைகாசியில். நாள் பார்த்தவர்கள் கால்வாயைப் பார்க்கவில்லை.

நம் ஊரில் கீழ்த்தளம் போடும் முறையும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. அஸ்திவாரத்துக்கும் பேஸ்மட்டத்துக்கும் நடுவே மண்ணோ சரளையோ கொட்டி நிரப்பி, திமிசு போட்டு, அதன்மேல் முக்கால் ஜல்லியோ ஒன்றரை ஜல்லியோ போட்டு ஒல்லிக் கலவையில் ஒரு தளம். இந்தத் தளத்துக்கு அடியில் பாலித்தீன் விரிக்கிற வழக்கம் மிகக் குறைவு. வேறு பல நாடுகளில் மரத்தரை போடும் வீடுகளில் தளத்துக்குக் கீழே கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஈரத்தடுப்புத் தாள் விரிப்பார்கள். அது இல்லாத தளம், அடியிலிருந்து எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி ஏற்றிக்கொண்டே இருக்கும் ஒரு திரி. டைல்ஸ் போட்டால் அது இடுக்குகள் வழியாக வெளியேறும், நமக்குத் தெரியாது. சுவரடியில் உப்புப் பூக்கும், சுண்ணாம்பு உதிரும், அதை ஓதம் என்று சொல்லிவிட்டு மறுபடி வெள்ளையடிப்போம். மரம் போட்டால்தான் அது கணக்குக் கேட்கும்.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்கள். மரம் எங்கெல்லாம் இருக்கிறது? கதவில், நிலையில், உத்தரத்தில், மச்சில். தார்சாவில் மரத்தூண் நிற்கும், ஆனால் அதன் பாதம் ஒரு கல்லின்மேல் நிற்கும், மண்ணைத் தொடாது. நெல் போட்ட பத்தாயத்துக்குக் கால் உண்டு. பட்டாசலில், அதாவது கூடத்தில் மட்டும் சுண்ணாம்போ, செங்கலோ, பிறகு சிவப்புக் காவி போட்ட சிமெண்ட் தரையோ. மரத்தைத் தலைக்குமேல் வைத்தார்கள், காலுக்குக் கீழே வைக்கவில்லை. நாம்தான் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு, மச்சைத் தரைக்கு இறக்கியிருக்கிறோம்.

சரி, ஆசைப்பட்டாயிற்று. எப்படிப் பார்ப்பது?

காசில்லாத பரிசோதனை எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் காஸ் சிலிண்டரை நகர்த்தினால் அடியில் வட்டமாக ஈரம் இருக்கும். அரிசி மூட்டையைத் தரையில் வைத்திருந்தால் அடிச்சாக்கு கறுக்கும். ஒரு வாரம் சுருட்டாமல் கிடந்த பாயின் அடியில் பூஞ்சை பூக்கும். கட்டட வேலையில் இதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்கிறார்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு, பிரித்துப் பார்ப்பது. தாளின் அடியில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. அப்படி இருந்தால் அந்த விடையை நம்பலாம். இல்லாவிட்டால்? நம்பக்கூடாது. ஆவி நீராகக் கோக்க வேண்டுமானால் தாள் குளிர்ந்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் தாளும் தரையும் ஒரே சூட்டில் இருக்கும்போது எவ்வளவு ஆவி இருந்தாலும் கோக்காது. இந்தத் தாள் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஏற்கலாம், இல்லை என்று சாதித்தால் விட்டுவிடக்கூடாது.

ஆசாரிகள் கையில் இருக்கும் இரண்டு ஊசி மீட்டரைத் தரையில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது மரத்துக்கென்று எண் போட்ட கருவி. கான்கிரீட்டில் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. கான்கிரீட்டுக்கென்றே விற்கும் ஊசியில்லாத மீட்டரும் முக்கால் அங்குலம், ஒரு அங்குல ஆழத்துக்குத்தான் பார்க்கும், அடியில் கம்பி வந்தால் தடுமாறும். ஆனாலும் அதற்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. அறை முழுக்க அடிக்கு ஒரு இடமாக வைத்துக்கொண்டே போனால், எந்த மூலை மற்ற மூலையைவிட ஈரம் என்று காட்டிக்கொடுத்துவிடும். துளை போட வேண்டிய இடம் அதுதான்.

உப்புப் பரிசோதனை என்று ஒன்று அமெரிக்காவில் வெகுகாலம் கோலோச்சியது. கால்சியம் குளோரைடு, நம் வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்த்துப்போவதைப்போலப் பலமடங்கு வேகமாக ஈரம் உறிஞ்சும் உப்பு. எடை போட்ட உப்பை ஒரு தட்டில் தரையில் வைத்து, மேலே கண்ணாடி மாதிரி ஒரு கூட்டைக் கவிழ்த்து, 60 முதல் 72 மணி நேரம் கழித்துத் திரும்ப எடை போட்டு, ஆயிரம் சதுர அடிக்கு ஒரு நாளில் எத்தனை பவுண்டு ஆவி வருகிறது என்று கணக்கிடுவார்கள். மூன்று பவுண்டு என்பது பழைய வரம்பு. இதுவும் மேல்தோலின் கதையைத்தான் சொல்கிறது.

என்னை ஆச்சரியப்படுத்தியது கார்பைட் முறை. மாம்பழம் பழுக்கவைக்கப் போடக்கூடாது என்கிறார்களே, பட்டறையில் காஸ் வெல்டிங்குக்குப் போடுவார்களே, அதே கார்பைட் கல். தளத்தை உள்வரை குடைந்து எடுத்த துண்டை இடித்துப் பொடித்து, எடை போட்டு, ஒரு இரும்புக் குடுவையில் கார்பைட் பொடியோடு சேர்த்து மூடிக் குலுக்கினால், பொடியில் உள்ள தண்ணீரோடு கார்பைட் சேர்ந்து அசிட்டிலீன் வாயு கிளம்பும். எவ்வளவு தண்ணீரோ அவ்வளவு வாயு, அவ்வளவு அழுத்தம். குடுவையின் தலையில் உள்ள டயலில் முள் எழும்பும். ஜெர்மானியக் கட்டட வேலையில் சிமெண்ட் தரைக்கு இதுதான் வழக்கம். மரம் ஒட்ட 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். இங்கே என்ன விசேஷம் என்றால், இந்தக் குடுவை நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. சாலை போடுகிறவர்கள் மண்ணின் ஈரம் பார்க்க வைத்திருக்கும் 'ரேப்பிட் மாய்ஸ்சர் மீட்டர்' இதே தத்துவம்தான். பொறியியல் கல்லூரிகளின் மண் ஆய்வுக்கூடத்திலும் பெரும்பாலும் ஒன்று இருக்கும். அதை வைத்துக் கான்கிரீட் பார்க்கலாமா என்று கேட்டால், பழக்கப்பட்டவர் செய்தால் ஒரு உத்தேசம் கிடைக்கும். மண்ணுக்கான அளவும் கான்கிரீட்டுக்கான அளவும் ஒன்றல்ல, இடிக்கும்போதே ஈரம் பறந்துவிடாமல் சட்டென்று செய்ய வேண்டும். குடுவையைத் திறக்கும்போது பக்கத்தில் யாரும் பீடி குடிக்கக்கூடாது.

இன்றைக்குப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வது துளை முறை. அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் அதற்குக் கொடுத்த எண் எஃப் 2170. தளத்தின் தடிமனில் 40 சதவீத ஆழத்துக்கு ஒரு துளை. நாலு அங்குலத் தளத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஏன் 40? மேல்பக்கம் மட்டும் காய்கிற தளத்தில், மூடிய பிறகு மொத்தத் தளமும் வந்து நிற்கப்போகிற அந்தச் சமன் அளவு, மூடுவதற்கு முன் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. சுவீடனில் லுண்ட் நகரத்து ஆய்வாளர்கள் கண்டறிந்தது இது. மாடித் தளம்போல இரண்டு பக்கமும் காற்றுப் படுகிற தளத்துக்கு 20 சதவீத ஆழம் போதும்.

அத்தான் வீட்டில் மாசியில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கைப்பழக்கம்தான் முக்கியம். பலகையை எடுத்துவிட்டுப் பசையைச் சுரண்டி, சுத்தியல்போலத் தட்டிக்கொண்டே துளைக்கும் டிரில்லில் தண்ணீர் விடாமல் துளை போட்டோம். தண்ணீர் விட்டால் அளப்பது நம் தண்ணீரைத்தான். துளைக்குள் தூசியைத் தூரிகையால் கிளறி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினோம். தூசி இருந்தால் கருவி பொய் சொல்லும். பிறகு ஒரு பிளாஸ்டிக் குழலைச் செருகி வாயை மூடி, 24 மணி நேரம் தொடவில்லை. முன்பெல்லாம் 72 மணி நேரம் என்று இருந்ததை 2018இல் 24 ஆகக் குறைத்தார்கள். துளை போட்ட சூடு தணியவும், உள்ளே இருக்கும் காற்று கான்கிரீட்டோடு ஒத்துப்போகவும் அந்த நேரம். மறுநாள் குழலுக்குள் ஈரப்பதம் அளக்கும் கருவியை இறக்கிப் படித்தோம். ஆயிரம் சதுர அடி வரை மூன்று துளை, அதற்குமேல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஒன்று என்பது விதி. அறை சிறியதானாலும் மூன்று போட்டோம்: குளியலறைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒன்று, நடுவில் ஒன்று, கால்வாய்ப் பக்கத்து வெளிச்சுவரை ஒட்டி ஒன்று. 84, 86, 93.

இந்த எண் கான்கிரீட்டின் துளைகளில் இருக்கும் காற்றின் ஈரப்பத சதவீதம். வானிலை அறிக்கையில் சொல்வார்களே, அதேதான், தளத்துக்குள் உள்ள வானிலை. மரத்தரைக்கும் பசைக்கும் உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 75 அல்லது 80க்குள் கேட்பார்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளில் அது இருக்கும், யாரும் படிப்பதில்லை. அத்தான் பசை வாங்கிய கடையில் உத்தரவாதம் கேட்டபோது, ஒட்டுவதற்கு முன் எடுத்த ஈர அளவு எங்கே என்றுதான் முதல் கேள்வி வந்தது. மூன்று துளைக்கும் சராசரி போட்டு 88 என்று எழுதிக்கொள்ளவும் கூடாது. பலகை தூக்கப்போவது சராசரியில் அல்ல, 93 இருக்கும் மூலையில்.

மாடியில் துளை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கான்கிரீட்டுக்குள் கரண்ட் குழாய் ஓடுகிறது. எலக்ட்ரீஷியன் இழுத்த வழியைக் கேட்டுக்கொள்ளாமல் டிரில்லை எடுக்காதீர்கள்.

எந்த மாதத்தில் பார்ப்பது என்பதற்குக் கருவியோடு வரும் புத்தகம் விடை சொல்லாது. என் கருத்து இது: நஞ்சையில் எழுந்த வீடு என்றால், பிசானத்துக்குத் தண்ணீர் திறந்து வடகிழக்குப் பருவமழையும் பெய்து முடிகிற மார்கழி, தையில் ஒருமுறை பார்க்க வேண்டும். சித்திரையில் வரும் எண் அந்த இடத்தின் நல்ல நாளை மட்டும் காட்டும். மரம் இருக்கப்போவது பன்னிரண்டு மாதமும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் கட்டியவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. அவர்களுக்குக் கலவைத் தண்ணீர் காய்ந்தால் பெரும்பாலும் போதும். தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு ஆனி ஆடியே மழைக்காலம், அவர்கள் கணக்கு வேறு.

மரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி மரம் தனக்குள் தண்ணீர் வைத்துக்கொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் மரம் ஏறக்குறைய ஏழரை சதவீதத்தில் நிற்கும். 60 என்றால் பத்தரை, 80 என்றால் 15க்குமேல். தேக்கு நல்ல மரம், அதிகம் அசையாது என்பது உண்மைதான். ஆனாலும் ஐந்து அங்குலப் பலகை 8 சதவீதத்திலிருந்து 14க்குப் போனால் அகலத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை விரியும். பன்னிரண்டு அடி அகல அறையில் இருபத்தொன்பது பலகை. எல்லாம் சேர்ந்து விரிந்தால் ஒன்றே முக்கால் அங்குலம். சுவரோரம் விட்ட அரை அங்குல இடைவெளி எந்த மூலைக்கு? அதிலும் அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிய, மேல்பக்கம் ஏசி காற்றில் காய்ந்து சுருங்கினால், பலகை குழிவதைத் தவிர வேறு வழியில்லை. அத்தான் வீட்டு நாட்டு ஓடு அப்படி வந்ததுதான். இப்படிக் குழிந்த தரையை உடனே இழைத்துச் சமப்படுத்துவது பெரிய தப்பு. பின்னால் ஈரம் வடியும்போது, இழைத்த ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும்.

பலகையை ஒட்டுவதற்குமுன் இரண்டு மூன்று நாள் அறையிலேயே அடுக்கிப் பழக்க வேண்டும் என்பார்கள். நல்ல யோசனைதான், வீடு வாழ்கிற நிலைக்கு வந்திருந்தால். பக்கத்து அறையில் பூச்சுவேலை நடக்கும்போது பழக்கினால், பலகை பழகுவது பூச்சு ஈரத்தோடு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே சொல்லாமல் விட முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அப்படித் தண்ணீர் நின்ற தளம் எத்தனை வருஷப் பழையதானாலும் புதுத்தளம்தான். மேலேயிருந்தும் அடியிலிருந்தும் குடித்திருக்கும். அந்த மாதிரி வீட்டில் பழைய அளவை வைத்துக்கொண்டு மரம் போட்டால், வீட்டின் வயது கைகொடுக்காது.

எண் அதிகமாக வந்தால் வழி இல்லாமல் இல்லை. கலவைத் தண்ணீர்தான் காரணம் என்றால் காத்திருக்கலாம். கதவு சன்னலைத் திறந்து, காற்றாடி ஓடவிட்டு, மழைநாளில் மூடி. அடியிலிருந்து வருவது என்றால் எத்தனை வருஷம் காத்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். அதற்கு இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்சித் தடுப்பு உண்டு. தரையின் மேல்தோலைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ஊசித்துளைகூட விடாமல் பூச வேண்டும். செலவு கூடுதல், அரைகுறையாகப் பூசினால் விட்ட இடத்தில் கொப்புளம் வரும். ஒட்டாமல் மிதக்கவிடும் லேமினேட் மாதிரித் தரைக்குக் கனமான பாலித்தீன் தாளை விரித்து, ஓரத்தில் அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டினால் ஓரளவு தாங்கும். ஆனால் லேமினேட்டின் நடுப்பலகை அழுத்திய மரத்தூள். ஒருமுறை ஊறிவிட்டால் தேக்கு மாதிரி திரும்பி வராது. பசைக்கு இன்னொரு எதிரியும் உண்டு: ஈரத்தோடு மேலே ஏறும் காரம். புது கான்கிரீட்டின் காரம் 12, 13 பிஎச் வரை இருக்கும், அது பல பசைகளைக் கூழாக்கிவிடும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த நிறம் மாறும் தாளை நனைத்த தரையில் வைத்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி, கீழே மரம் வேண்டாம் என்று விட்டுவிடுவது. நான் அத்தானிடம் சொன்னது அதைத்தான். தேக்கு வீணாகவில்லை. பலகைகளை மச்சில் அடுக்கிக் காயவைத்து, ஆசாரி ஓரம் சீவி, மாடி அறையில் ஒட்டினார். ஒட்டுவதற்கு முன் அங்கேயும் மூன்று துளை போட்டோம், எல்லாம் 70க்குள். கீழறைக்கு அக்கா சிவப்புக் காவித் தரையே போதும் என்றுவிட்டாள். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து அது மெருகேறுவது அவளுக்குப் பிடிக்கும்.

வெளிச்சுவரை ஒட்டிய அந்த 93 துளையை மட்டும் கொத்தனாரிடம் சொல்லி அடைக்காமல் விட்டோம். பிசானத்துக்குத் தண்ணீர் திறந்ததும் எவ்வளவு ஏறுகிறது பார்ப்போம் என்கிறார் அத்தான். பேரப்பிள்ளைகள் குச்சியை விட்டு ஆட்டாமல் இருக்க, அதன்மேல் அக்கா ஒரு பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.